வென்றவர் முதுகில் சுமை ஏற்றலாமா?

தெருவில் ஓட்டப் பந்தயம் வைக்கும்போது நாம் எல்லோரும் ஒரு விதியைக் கையாண்டிருக்கிறோம். பெரிய பையன் கோட்டில் நிற்பான். சின்னவன் பத்தடி முன்னால் நிற்பான். "ஒன்று, இரண்டு, மூன்று" என்றதும் இருவரும் ஓடுவார்கள். அப்படி நிற்கவைக்காவிட்டால் யார் வெல்வார் என்பது ஓடுவதற்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்துவிடும். பிறகு பந்தயம் எதற்கு?

பெரியவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். குதிரைப் பந்தயத்தில் ஒரு வகை உண்டு. அதில் நன்றாக ஓடும் குதிரைக்குக் கூடுதல் பாரம் ஏற்றுவார்கள். சேணத்தில் ஈயத் தகடுகளைச் செருகி ஓடவிடுவார்கள். சதுரங்கத்தில் வல்லவர் ஒருவர் தம் காய்களில் ஒன்றை எடுத்து வைத்துவிட்டுப் புதியவரோடு ஆடுவதும் உண்டு. வலியவர் மீது ஒரு பளுவை ஏற்றி ஆட்டத்தைச் சமமாக்கும் இந்த ஏற்பாட்டை இக்கட்டுரையில் 'சுமை விதி' என்று அழைப்போம்.

மாணவர்கள் தாமே ரோபோ செய்து களத்தில் இறக்கும் போட்டிகளில் இத்தகைய சுமை விதி இருக்கலாமா? இது வெறும் கற்பனைக் கேள்வி அன்று. 2009ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நடந்த மாபெரும் பள்ளி ரோபோ போட்டி ஒன்றில் இப்படி ஒரு விதி உண்மையாகவே இருந்தது. அன்று அதை ஆதரித்தவர்களும் உண்டு, கொதித்தவர்களும் உண்டு. அந்த விதியை எடுத்து வைத்துக்கொண்டு சற்றே சிந்திப்போம். ஏனெனில், போட்டி என்பது எதற்காக என்ற பெரிய கேள்வி அதற்குள் ஒளிந்திருக்கிறது.

நிலவில் ஓர் ஆட்டம்

டீன் கேமன் என்ற அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் 1989இல் 'ஃபர்ஸ்ட்' என்ற அமைப்பைத் தொடங்கினார். விளையாட்டு வீரர்களைக் கண்டு சிறுவர்கள் மயங்குவதுபோல, அறிவியலையும் பொறியியலையும் கண்டு அவர்கள் மயங்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. 1992இல் நியூ ஹாம்ஷயர் மாநிலத்துப் பள்ளி ஒன்றின் உடற்பயிற்சிக் கூடத்தில் 28 அணிகளோடு முதல் போட்டி நடந்தது. 2009இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அணிகள் பங்கேற்கும் அளவுக்கு அது வளர்ந்துவிட்டது.

போட்டியின் முறை இதுதான். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் ஒரு புதிய ஆட்டம் அறிவிக்கப்படும். அந்த ஆட்டத்தை ஆடக்கூடிய ஒரு ரோபோவை மாணவர்கள் வடிவமைத்துச் செய்து முடிக்க வேண்டும். 2009இல் அதற்குக் கிடைத்த காலம் சுமார் ஆறு வாரங்கள். ரோபோ என்றதும் மேசைமேல் ஓடும் பொம்மை என்று எண்ணிவிடாதீர்கள். ஒவ்வொன்றும் 54 கிலோ வரை எடையுள்ள எந்திரம்!

களத்தில் ஒரு பக்கம் மூன்று அணிகள், எதிர்ப்பக்கம் மூன்று அணிகள். இந்த மூவர் கூட்டணி நிலையானது அன்று. தகுதிச் சுற்றில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கூட்டாளிகள் மாறுவார்கள். யார் யாரோடு சேர்வது என்பதை அட்டவணை முடிவு செய்யும். காலையில் எதிரியாக நின்ற அணி மாலையில் உங்கள் கூட்டாளியாக வரலாம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

2009, மனிதன் நிலவில் கால் வைத்த 40ஆம் ஆண்டு. அதனால் அவ்வாண்டு ஆட்டத்துக்கு 'லூனசி' என்று பெயரிட்டார்கள். நிலவில் ஈர்ப்பு விசை பூமியில் உள்ளதில் ஆறில் ஒரு பங்குதான். அங்கே வண்டிச் சக்கரத்துக்குப் பிடிப்பு குறைவு. அந்த நிலையைக் காட்டுவதற்காகக் களத்தில் வழுக்கும் தளம் விரித்தார்கள். எல்லா ரோபோக்களுக்கும் ஒரே வகையான கடினமான பிளாஸ்டிக் சக்கரங்களைக் கொடுத்தார்கள். ஒவ்வொரு ரோபோவும் தனக்குப் பின்னால் ஓர் இழுவண்டியை இழுத்துக்கொண்டு போக வேண்டும். எதிரணியின் இழுவண்டிக்குள் பந்தைப் போட்டால் உங்களுக்குப் புள்ளி. சாதாரணப் பந்துக்கு 2 புள்ளி. 'சூப்பர் செல்' எனப்பட்ட தனிப் பந்துக்கு 15 புள்ளி. ஆனால் சூப்பர் செல்லை ஆட்டத்தின் கடைசி 20 விநாடிகளில்தான் பயன்படுத்தலாம். ஒரு சூப்பர் செல் ஏழு சாதாரணப் பந்துகளைவிட மதிப்பு மிக்கது என்பதைக் கவனியுங்கள்.

இனி நமது சுமை விதிக்கு வருவோம். ஒரு கூட்டணி எதிரணியைப்போல் இரு மடங்கு புள்ளி எடுத்து வென்றால், அதில் இருந்த அணிகளின் அடுத்த ஆட்டத்தில் அவர்கள் பக்கத்துக்குரிய சூப்பர் செல்களில் ஒன்று குறைக்கப்படும். மும்மடங்கு எடுத்து வென்றால் இரண்டு குறைக்கப்படும். சுருங்கச் சொன்னால், அளவுக்கு மிஞ்சி வென்றால் தண்டனை!

விதியை வகுத்தவர்களின் நியாயம்

இப்படி ஒரு விதியைப் படித்ததும் "இது அநியாயம்" என்று உடனே கூவத் தோன்றும். ஆனால் விதியை வகுத்தவர்கள் ஒன்றும் அறியாதவர்கள் அல்லர். அவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. அதை முதலில் கேட்போம்.

ஓர் அணியில் பொறியாளர்கள் பலர் வழிகாட்டிகளாக இருக்கிறார்கள். அருகிலுள்ள பெரிய தொழிற்சாலை அவர்களுக்குக் கடைசல் எந்திரத்தையும், உலோகத்தை வெட்டும் கணிப்பொறி எந்திரத்தையும் தருகிறது. பத்தாண்டு அனுபவம் அண்ணன்மாரிடமிருந்து தம்பிமாருக்கு வழிவழியாக வருகிறது. இன்னோர் அணியில் ஓர் ஆசிரியர், எட்டு மாணவர்கள், ஒரு துளைப்பான், இரண்டு ரம்பங்கள். இரண்டும் ஒரே களத்தில் மோதுகின்றன. முதல் அணி வெல்கிறது. அந்த வெற்றியில் மாணவர்களின் திறமை எவ்வளவு, பட்டறையின் திறமை எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியுமா?

வெற்றி வெற்றியை ஈன்று கொண்டே போகும் என்பதும் உண்மை. வென்ற அணியைத் தேடிப் புரவலர்கள் வருவார்கள். பணம் வரும், பணத்தால் நல்ல கருவிகள் வரும், கருவிகளால் மீண்டும் வெற்றி வரும். அறிவியலில் இதை 'நேர்ப் பின்னூட்டம்' என்பார்கள். ஒலிபெருக்கியின் முன்னால் மைக்கைப் பிடித்தால் 'கீ' என்று காதைத் துளைக்கும் ஓசை வருகிறதல்லவா? அதுவும் நேர்ப் பின்னூட்டம்தான். பெட்டியிலிருந்து வரும் ஒலி மைக்குக்குள் புகுந்து, பெருகி, மீண்டும் பெட்டி வழியே வந்து, மீண்டும் மைக்குக்குள் புகுகிறது. கேட்பவர் ஓடிப்போய்ச் சத்தத்தைக் குறைக்காவிட்டால் கூட்டமே கலைந்துவிடும்.

போட்டியிலும் அப்படித்தான். முதல் ஆண்டிலேயே பெருந்தோல்வி கண்ட எட்டு மாணவர்கள் அடுத்த ஆண்டு வராமல் போகலாம். போட்டியின் நோக்கம் கோப்பை வழங்குவது அன்று. சிறுவர்களை அறிவியலின்பால் ஈர்ப்பது. அந்த நோக்கமே தோற்குமானால் யார் வென்று என்ன பயன்?

இந்த நியாயத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். நோய் இருப்பது உண்மை. ஆனால் கொடுத்த மருந்துதான் தவறு என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

எந்திரத்துக்கு மூளை இல்லை

ஜேம்ஸ் வாட் 1788இல் தம் நீராவி எந்திரத்தில் 'கவர்னர்' என்ற எளிய கருவியைப் பொருத்தினார். சுழலும் தண்டில் இரண்டு இரும்புக் குண்டுகள் தொங்கும். எந்திரம் வேகமாக ஓடினால் குண்டுகள் விரிந்து மேலெழும், அப்போது நீராவிக் குழாயின் அடைப்பான் சற்று மூடும், வேகம் குறையும். எந்திரம் மெதுவாக ஓடினால் குண்டுகள் தாழும், அடைப்பான் திறக்கும், வேகம் கூடும். இதற்கு 'எதிர்ப் பின்னூட்டம்' என்று பெயர். வீட்டுக் குளிர்பதனப் பெட்டி தன் குளிரைத் தானே அளவோடு வைத்துக்கொள்வதும் இந்த முறையில்தான்.

2009இன் சுமை விதியும் ஒரு கவர்னரே. அதிக வேகத்தில் வென்றால் அடுத்த ஆட்டத்தில் நீராவி குறையும். கருத்தளவில் அழகான ஏற்பாடுதான். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. நீராவி எந்திரத்துக்கு மூளை இல்லை, மாணவனுக்கு உண்டு! குண்டுகள் மேலே போனால் நீராவி குறையும் என்று எந்திரத்துக்குத் தெரியாது. மாணவனுக்கோ விதிப்புத்தகம் முழுவதும் மனப்பாடம். அவன் என்ன செய்வான்? கணக்குப் போடுவான்.

நாமும் போட்டுப் பார்ப்போம். ஆட்டம் முடிய இன்னும் சில விநாடிகளே உள்ளன. சிவப்புக் கூட்டணி 60 புள்ளி. நீலக் கூட்டணி 25 புள்ளி. 25இன் இரு மடங்கு 50. ஆகவே சிவப்புக்கு அடுத்த ஆட்டத்தில் ஒரு சூப்பர் செல் போய்விடும். அதாவது, 15 புள்ளி பெறும் ஒரு வாய்ப்பு பறிபோகும். சிவப்பு அணி மாணவர் ஒருவர் மூன்று சாதாரணப் பந்துகளை எடுத்துத் தம் கூட்டணியின் இழுவண்டியிலேயே போட்டுவிட்டால் என்ன ஆகும்? நீலத்துக்கு 6 புள்ளி கூடும், 31 ஆகும். 31இன் இரு மடங்கு 62. சிவப்பின் 60 அதைத் தொடவில்லை. தண்டனையிலிருந்து தப்பியாயிற்று! வெற்றியும் கையை விட்டுப் போகவில்லை.

விதியில் இதற்குத் தடை இல்லையென்றால் இது ஏமாற்று ஆகாது. நல்ல கணக்கு என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அந்த விநாடியில் அங்கே நடப்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஆறு வாரம் இரவும் பகலும் உழைத்து, பந்தை எதிரணி வண்டியில் குறி தவறாமல் போடும் ஓர் எந்திரத்தைச் செய்த மாணவர்கள், தங்கள் வண்டியிலேயே பந்தைப் போட்டுக்கொள்கிறார்கள். தம்மால் முடிந்ததைவிடக் குறைவாகச் செய்வது புத்திசாலித்தனம் என்று அந்த விதி அவர்களுக்குக் கற்பிக்கிறது.

குதிரைப் பந்தயத்தில் இது மிகப் பழைய தந்திரம். குதிரையை ஒருமுறை வேண்டுமென்றே மெல்ல ஓட்டினால் அடுத்த முறை பாரம் குறையும். அதைப் பிடிப்பதற்கென்றே பந்தயத் திடலில் அதிகாரிகள் கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்திருப்பார்கள். வென்ற அளவைப் பார்த்துச் சுமை ஏற்றினால் வெல்லும் அளவை மறைக்கத்தான் எவரும் முயல்வார்கள். இது மனித இயல்பு.

வெப்பமானியைக் குளிர்நீரில் முக்கலாமா?

இதில் இன்னொரு தீங்கும் உண்டு. அது தோற்ற அணிக்கு நேரும் தீங்கு.

அறிவியல் மாணவர்களாகிய நமக்கு அளவீடு என்பது புனிதமானது. களத்துப் புள்ளியும் ஓர் அளவீடுதான். நீல அணி 25 புள்ளி எடுத்தது என்றால், "உன் ரோபோ இந்த ஆறு வாரத்தில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது, இன்னும் இவ்வளவு தூரம் போக வேண்டும்" என்று அந்த எண் சொல்கிறது. பந்தை எடுக்கும் பட்டை வழுக்குகிறதா, ஓட்டுநருக்குப் பயிற்சி போதவில்லையா என்று தேடத் தூண்டுகிறது. அந்த 25ஐ யாரோ இரக்கப்பட்டு 31 ஆக்கிவிட்டால், அது காய்ச்சல்காரன் வாயிலிருந்த வெப்பமானியைக் குளிர்நீரில் முக்கிவிட்டு "காய்ச்சல் தணிந்துவிட்டது" என்று சொல்வது போலத்தான். காய்ச்சல் இருக்கும் இடத்திலேயே இருக்கிறது. மருத்துவர்தான் ஏமாந்து போகிறார்.

தோல்வி கசக்கும். அதிலும் பெருந்தோல்வி மிகவும் கசக்கும். ஆனால் பிச்சையாக வந்த புள்ளி அதைவிடக் கசப்பானது. எதிரணி தன் நலத்துக்காகப் போட்டுக்கொடுத்த மூன்று பந்துகளைத் தம் கணக்கில் பார்க்கும் மாணவியின் மனம் என்ன பாடுபடும்? "நம்மை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லையே" என்றல்லவா எண்ணும்?

ஃபர்ஸ்ட் அமைப்பின் தூண்களில் ஒருவர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் வுடி ஃபிளவர்ஸ். 2019இல் மறைந்த இவர் மாணவர்களுக்கு ஒரு பண்பை வலியுறுத்தி வந்தார். முழு மூச்சோடு மோதுங்கள். ஆனால் எதிரில் இருப்பவரை மதிப்போடும் பரிவோடும் நடத்துங்கள் என்பது அதன் சாரம். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதே அவருடைய போதனையின் சிறப்பு. முழு மூச்சோடு மோதுவதே எதிரிக்குச் செய்யும் மரியாதை. 2009இன் விதியோ, நன்றாக வெல்வதை ஏதோ பண்பற்ற செயல்போல ஆக்கிவிட்டது.

யார் தோளில் ஏறியது சுமை?

முன்பு நினைவில் வைக்கச் சொன்னேனே, கூட்டாளிகள் ஆட்டந்தோறும் மாறுவார்கள் என்று? இப்போது அதை எடுங்கள்.

ஒரு வலிய அணியும் இரண்டு புதிய அணிகளும் ஒரு கூட்டணியில் சேருகின்றன. வலிய அணியின் திறமையால் எதிரணியைப்போல் மும்மடங்கு புள்ளி கிடைக்கிறது. சுமை யாருக்கு? மூன்று அணிகளுக்கும்! புதிய அணி ஒரு பந்துகூடப் போடாமல் இருந்திருக்கலாம். எனினும் அதற்கும் தண்டனை. அந்தப் புதிய அணி அடுத்த ஆட்டத்தில் வேறு இரண்டு புதிய அணிகளோடு சேர்ந்து களம் இறங்குகிறது. அங்கே வலியவர் ஒருவருமே இல்லை. ஆயினும் சூப்பர் செல் குறைகிறது. முந்திய ஆட்டத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத அந்த இரு கூட்டாளிகளும் ஒரு குற்றமும் செய்யாமல் தண்டனையைப் பகிர்ந்துகொள்கிறார்கள்.

வலியவனைக் குறிவைத்து எறிந்த கல் மெலியவன் தலையில் விழுந்த கதை இது. சுமை ஏற்றுவது நியாயமா என்பது ஒரு கேள்வி. ஏற்றிய சுமை எவர் தோளில் போய் உட்காருகிறது என்பது அதைவிட முக்கியமான கேள்வி.

சமப்படுத்த வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு போட்ட விதி எதிர்மாறாக வேலை செய்வதற்கு இதே போட்டியில் இன்னொரு சான்றும் உண்டு. பல ஆண்டுகள் அங்கே ஒரு விதி இருந்தது. குறித்த நாள் வந்ததும் ரோபோவைப் பெரிய பைக்குள் வைத்துப் பூட்டு முத்திரை இட்டுவிட வேண்டும். அதன்பின் போட்டி நாள் வரை அதைத் தொடக்கூடாது. எல்லோருக்கும் ஒரே அளவு காலம் என்பது எவ்வளவு நியாயமாகத் தோன்றுகிறது! ஆனால் என்ன நடந்தது? பணம் உள்ள அணிகள் அச்சு அசலாக இரண்டாவது ரோபோ ஒன்றைச் செய்தன. முதல் ரோபோ பைக்குள் தூங்கியது. இரண்டாவது ரோபோவை வைத்து ஓட்டுநர்கள் வாரக்கணக்கில் பயிற்சி எடுத்தார்கள். ஒரே ரோபோ செய்யவே திண்டாடிய அணிகள் பூட்டிய பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. விதி ஏழையின் கையைத்தான் கட்டியது. கடைசியில் 2020ஆம் ஆண்டுப் போட்டி முதல் அந்த விதியை நீக்கிவிட்டார்கள். அது நல்ல முடிவு.

நல்ல விதிக்கு மூன்று சோதனைகள்

அப்படியானால் சுமை விதி எதுவுமே கூடாதா? வலியவர் வென்றுகொண்டே போகட்டும், மெலியவர் பார்த்துக்கொண்டே இருக்கட்டும் என்று விட்டுவிடலாமா? கூடாது. மைக் ஊளையிடும்போது காதைப் பொத்திக்கொள்வது தீர்வாகாது. ஆனால் எந்த விதியையும் ஏற்கும் முன் மூன்று சோதனைகளில் போட்டு உரைத்துப் பார்க்க வேண்டும்.

முதல் சோதனை: இந்த விதி யாரையாவது தம் திறமையைக் குறைத்துக் காட்டத் தூண்டுகிறதா? தூண்டினால் தள்ளிவிடுங்கள்.

இரண்டாம் சோதனை: சுமை உரியவர் தோளில்தான் விழுகிறதா? வேறொருவர் தோளில் விழுந்தால் தள்ளிவிடுங்கள்.

மூன்றாம் சோதனை: இந்த விதியால் பின்தங்கியவருக்கு ஏதேனும் புதிதாகச் செய்யவோ கற்கவோ வாய்ப்புக் கிடைக்கிறதா? கிடைக்காவிட்டால் அது வெறும் கண்துடைப்பு.

நமக்கு நன்கு தெரிந்த கபடியை எடுத்துக்கொள்வோம். புரோ கபடியில் 'சூப்பர் டேக்கிள்' என்று ஒரு விதி உண்டு. களத்தில் மூன்று பேரோ அதற்கும் குறைவாகவோ எஞ்சியிருக்கும்போது, பாடி வருபவரைப் பிடித்துவிட்டால் ஒன்றுக்கு இரண்டு புள்ளி. இது நலிந்த பக்கத்துக்கு உதவும் விதிதான். ஆனால் பாடி வருபவர் மெல்ல ஆட வேண்டும் என்று அது சொல்லவில்லை. மூன்று பேர் சேர்ந்து ஒருவரை மடக்கும் அரிய செயலைச் செய்து காட்டினால்தான் அந்தக் கூடுதல் புள்ளி. வலியவருக்கும் அங்கே பெருமை குறையவில்லை. மெலியவரும் பிச்சை வாங்கவில்லை.

கார்ப் பந்தயத்தைப் பாருங்கள். ஃபார்முலா ஒன் பந்தயத்தில் 2022 முதல் ஒரு கணக்கு நடைமுறைக்கு வந்தது. காரின் மீது காற்று எப்படிப் பாய்கிறது என்று சோதிப்பதற்கான காற்றுச் சுரங்கத்தில் ஒவ்வொரு குழுவுக்கும் வரையறுத்த அளவு சோதனைதான் உண்டு. முதலிடம் பெற்ற குழுவுக்கு அதில் 70 சதவீதம். பத்தாம் இடம் பெற்ற குழுவுக்கு 115 சதவீதம். இது பட்டறையில் ஏற்றும் சுமை. பந்தயத் திடலில் எவர் காரையும் அது பிடித்து இழுப்பதில்லை. சோதனை நேரம் குறைந்துவிடுமே என்று அஞ்சி உலகக் கோப்பையை விட்டுக்கொடுப்பவர் எவரும் இருக்க மாட்டார். பின்தங்கியவருக்கோ கற்பதற்கு உண்மையிலேயே கூடுதல் நேரம் கிடைக்கிறது. மூன்று சோதனைகளிலும் இது பெரும்பாலும் தேறிவிடுகிறது.

அதே ஃபர்ஸ்ட் போட்டியிலும் நல்ல விதிகள் உண்டு. இறுதிச் சுற்றுகளுக்கு முன், தரவரிசையில் முதல் எட்டு இடம் பெறும் அணிகள் தங்கள் கூட்டாளிகளைத் தாமே தேர்ந்தெடுக்கும். முதல் கூட்டாளியை எடுக்கும்போது ஒன்றாம் இடத்தவருக்கு முதல் உரிமை. இரண்டாம் கூட்டாளியை எடுக்கும்போது வரிசை தலைகீழாகத் திரும்பும். எட்டாம் இடத்தவர் முதலில் எடுப்பார். பாம்பு வளைந்து திரும்புவது போன்ற இந்த முறையால் வலியவர்களெல்லாம் ஒரே பக்கம் குவிவது குறைகிறது. ஆட்டத்தில் எடுத்த புள்ளி எதையும் அது தொடுவதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது 2012ஆம் ஆண்டு ஆட்டத்தில் இருந்த பாலம். களத்தின் நடுவே ஏற்றமரம்போல இரு பக்கமும் சாயும் ஒரு பாலம் வைத்தார்கள். ஒரு கூட்டணியின் ரோபோ ஒன்றும் எதிர்க்கூட்டணியின் ரோபோ ஒன்றும் அதில் ஏறிச் சமநிலையில் நின்றால், இரு பக்கத்துக்கும் தரவரிசையில் 2 புள்ளி. ஓர் ஆட்டத்தை வென்றாலும் அதே 2 புள்ளிதான்! இதன் அழகைப் பாருங்கள். எதிரணிக்குப் பாலம் ஏறத் தெரியாவிட்டால் நட்டம் வலிய அணிக்கும்தான். ஆகவே ஆட்டத்துக்கு முன்பே எதிரணியின் கூடாரத்துக்குப் போய், "உங்கள் ரோபோ ஏறுமா? வாருங்கள், பார்க்கலாம்" என்று திருகுமறையும் கையுமாக உட்காருவது வலியவருக்கே ஆதாயம். 2009இன் விதி எதிரணி வண்டியில் பந்து போடும் கையைத் தடுத்தது. 2012இன் விதி அதே கையை எதிரணிக்கு உதவ நீட்டச் செய்தது. முதல் விதியால் மெலியவருக்குக் கிடைத்தது ஓர் எண். இரண்டாம் விதியால் கிடைத்தது ஒரு திறமை.

விதி எதுவும் இல்லாமலே இதைச் செய்கிறவர்களும் உண்டு. ஹூஸ்டன் பகுதியைச் சேர்ந்த 'ரோபோநாட்ஸ்' என்ற அணி நாசா விண்வெளி மையத்தின் ஆதரவு பெற்ற வலிமையான அணி. அது, குறைந்த செலவில் எளிய கருவிகளைக் கொண்டே செய்யக்கூடிய 'எவ்ரிபாட்' என்ற ரோபோவை வடிவமைத்து, அதன் வரைபடங்களை எல்லோருக்கும் வெளியிடும் வழக்கத்தைக் கொண்டுவந்தது. எட்டு மாணவர்களும் ஒரு துளைப்பானும் உள்ள அணிக்கு அந்த வரைபடம் எவ்வளவு பெரிய துணை! வலியவர் தம் சுமையைத் தாமே விரும்பி எடுத்துக்கொள்ளும் முறை இது.

பத்தடி முன்னால் நிற்கும் சின்னவன்

இப்போது மீண்டும் தெருவுக்கு வருவோம். சின்னவனைப் பத்தடி முன்னால் நிற்க வைத்தது ஏன் நியாயமாக இருந்தது? அந்தப் பத்தடி ஓடுவதற்கு முன்பே முடிவானது. கால் நீளத்தைப் பார்த்துக் கொடுத்தது. 'ஓடு' என்ற சொல் கேட்டபின் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். பெரியவன் வேகத்தைக் குறைக்கவில்லை. சின்னவன் தன் கால்களாலேயே கோட்டைத் தொட்டான்.

"நேற்று எவ்வளவு தூரத்தில் வென்றாயோ, இன்று அவ்வளவு தூரம் பின்னால் நில்" என்று பெரியவனிடம் சொல்லிப் பாருங்கள். நேற்றே மெல்ல ஓடியிருப்பான்!

ஆகவே என் கருத்து இதுதான். வேறுபாட்டைக் குறைக்க வேண்டுமா? பட்டறையில் குறையுங்கள். கருவி இல்லாதவருக்குக் கருவி கொடுங்கள். வழிகாட்டி இல்லாதவருக்கு வழிகாட்டி கொடுங்கள். எல்லோருக்கும் ஒரே வகை மோட்டாரும் ஒரே எடை வரம்பும் வையுங்கள். புதியவர்களுக்குத் தனிப் பரிசும் வையுங்கள். ஆனால் மணி அடித்தபின் களத்துக்குள் இருக்கும் எந்த மாணவரிடமும் "உன்னால் முடிந்ததைச் செய்யாதே" என்று சொல்லும் விதியைப் போடாதீர்கள். நாளை பாலம் கட்டவும் நோய்க்கு மருந்து காணவும் போகிறவர்கள் அவர்கள். முடிந்ததையெல்லாம் செய்வதுதான் அவர்கள் கற்க வேண்டிய முதல் பாடம்.

மாணவ நண்பர்களே, உங்கள் பள்ளி அறிவியல் கண்காட்சியிலும் இந்தச் சிக்கல் உண்டு. ஆண்டுதோறும் ஒரே பள்ளி, ஒரே வகுப்பு, சில வேளை ஒரே மாணவர் பரிசைத் தட்டிச் செல்வதைப் பார்த்திருப்பீர்கள். "சென்ற ஆண்டு வென்றவர் இந்த ஆண்டு கலந்துகொள்ளக் கூடாது" என்று சிலர் சொல்வதையும் கேட்டிருப்பீர்கள். அந்த விதியை மேலே சொன்ன மூன்று சோதனைகளில் போட்டுப் பாருங்கள். தேறுகிறதா? தேறாவிட்டால் அதற்குப் பதிலாக எந்த விதியை வைப்பீர்கள்? நண்பர்களோடு சேர்ந்து யோசித்து உங்கள் விதியை எழுதுங்கள். எழுதி முடித்ததும், அந்த விதிக்கு உட்பட்டு நீங்களே முதலிடத்திலும் கடைசி இடத்திலும் இருப்பதாக மாற்றி மாற்றி எண்ணிப் பாருங்கள். இரண்டு இடத்திலிருந்தும் அது நியாயமாகத் தெரிந்தால், உங்கள் விதி நல்ல விதிதான்.